மூன்றாம் ஆண்டிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

கேள்வி: வட சென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில், கணினிப் பயன்பாட்டியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மல்டிமீடியா தாள்கள் இரண்டை நான் எடுப்பதால், மல்டிமீடியாவும் வீடியோ தயாரிப்பும் சேர்ந்த ஒரு புதுப் பட்டப்படிப்புக்கு முன்மொழிவு எழுதும் பொறுப்பைச் செயலர் என்னிடம் கொடுத்திருக்கிறார். அவகாசம் இரண்டு மாதம். 60 இடங்கள், மூன்று ஆசிரியர்கள், ஏற்கெனவே உள்ள 30 கணினி ஆய்வகம், புதிதாகச் சில கேமராக்கள் என்பது நிர்வாகத்தின் கணக்கு. வருகிற ஜூனிலேயே சேர்க்கை நடத்த வேண்டும் என்கிறார்கள். சென்னையில் இத்தனை விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்புகள் இருக்கும்போது எங்களிடம் யார் வருவார்கள் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. எங்கிருந்து தொடங்குவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். எடிட்டிங் என் தொழில். தொழில்துறை உறுப்பினராகச் சில கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என் கைக்கு வரும் முன்மொழிவுகளில் பெரும்பாலானவை முதலாமாண்டை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. முதலாமாண்டில் எல்லாமே போதும். 60 மாணவர்கள், 30 கணினி, நாலு கேமரா, அடிப்படைப் பாடங்கள் என்று எப்படியோ ஓடிவிடும். மூன்றாம் ஆண்டில் மூன்று செட் மாணவர்கள் ஒரே அறைக்கும் ஒரே கேமராவுக்கும் ஒரே ஆசிரியருக்கும் வரிசையில் நிற்கும்போதுதான் படிப்பு தாங்குமா என்று தெரியும். அதனால் உங்கள் முன்மொழிவை மூன்றாம் ஆண்டின் ஐந்தாம் செமஸ்டரிலிருந்து எழுதத் தொடங்குங்கள். அந்த ஒரு செமஸ்டரின் கால அட்டவணையை முழுதாகப் போட்டுப் பாருங்கள். மற்ற பக்கங்களில் என்ன எழுத வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

நிர்வாகத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு. முதல் இரண்டு ஆண்டுகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சுமார் 12 மணி போய்விடும். அவற்றை மொழித் துறைகள் பார்த்துக்கொள்ளும். மீதி 18 மணி உங்கள் துறையுடையது. மூன்றாம் ஆண்டில் 30 மணியும் உங்களுடையது. இதில் செய்முறை முதலாமாண்டில் 8 மணி, இரண்டாம் ஆண்டில் 12, மூன்றாம் ஆண்டில் 18 என்று வையுங்கள். செய்முறை வகுப்பில் 20 பேருக்கு மேல் இருந்தால் கேமராவைத் தொடாமலே போகிறவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள், அதனால் 60 பேரை மூன்று குழுவாகப் பிரிக்க வேண்டும். அப்போது ஆசிரியர் நேரம் முதலாமாண்டுக்கு 34 மணி, இரண்டாமாண்டுக்கு 42, மூன்றாமாண்டுக்கு 66. மொத்தம் 142. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு வாரத்துக்கு 16 மணி. ஆக, ஒன்பது பேர் தேவை. 40 இடங்கள் என்றால் இரண்டு குழு போதும், 104 மணி, ஏழு பேர். மூன்று ஆசிரியர் என்பது முதலாமாண்டின் கணக்கு. செயலரிடம் இதைக் கோபமாகவோ கெஞ்சியோ சொல்ல வேண்டியதில்லை, இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். என் கருத்து, 40-க்கு மேல் கேட்காதீர்கள். ஆசிரியர்களை ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராக நியமித்துக்கொண்டே போகும் அட்டவணையையும் அதே தாளில் சேருங்கள்.

ஆசிரியர் கிடைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதுகலையில் 55 சதவீதமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) போன்ற யுஜிசி வகுத்த தகுதியும் உள்ளவரைத்தான் உதவிப் பேராசிரியராக நியமிக்க முடியும். நெட்டில் இதற்கு நெருங்கிய பாடம் இதழியலும் மக்கள் தொடர்பியலும். அதில் தேறியவர் நல்ல ஆசிரியராக இருப்பார், ஆனால் கலர் கிரேடிங் செய்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. வடபழனியில் ஒரு டிஐ (படத்தின் நிறத்தைச் சரிசெய்யும்) கூடத்தில் இருபது வருடம் உட்கார்ந்தவருக்கோ அநேகமாக முதுகலை இருக்காது. இந்த இடைவெளிக்காகத்தான் யுஜிசி 2022-இல் 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. குறைந்தது 15 ஆண்டு தொழில் அனுபவம் இருந்தால் போதும், பட்டம் கட்டாயமில்லை. கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படி நியமிக்க முடியாது என்பதால் உங்கள் துறைக்கு ஒருவர் கிடைத்தாலே நல்லது. அந்த ஒருவரைக் கேமராவுக்குக் கேட்காதீர்கள், ஒலிக்குக் கேளுங்கள். கேமரா சொல்லித்தர ஆள் கிடைப்பார். ஒலி சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது. மாணவர் படங்களில் முதலில் காலை வாருவதும் ஒலிதான்.

பெயர் விஷயம். பட்டத்தின் பெயரை நாமாக உருவாக்க முடியாது. யுஜிசி சட்டத்தின் 22-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்ட பட்டங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் கணினித் துறையில் இருப்பதால் பி.சி.ஏ. என்று வைத்து மல்டிமீடியாவைச் சிறப்புப் பாடமாக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். 2024-25 முதல் பி.சி.ஏ. படிப்புகள் ஏஐசிடிஇ என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதிக்குள் வந்துவிட்டன. தனியாக ஒரு விண்ணப்பம், தனி நிபந்தனைகள் என்று வேலை கூடும். பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டம் இன்னொரு வழி. அதில் 60 சதவீதம் திறன் சார்ந்த பாடம். ஓராண்டில் டிப்ளமோ, இரண்டாண்டில் மேல்நிலை டிப்ளமோ என்று இடையில் வெளியேறவும் முடியும். இந்தப் படிப்புக்கு உண்மையில் பொருந்துவது அதுதான். ஆனால் பி.வோக். என்றால் என்ன என்று பெற்றோரிடம் விளக்கியே அட்மிஷன் மாதம் முடிந்துவிடும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டில் பி.எஸ்சி. என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதையை நாம் மதிக்க வேண்டும். பி.எஸ்சி. என்றே போங்கள்.

சரி, விஸ்காம் கேள்விக்கு வருவோம். விஸ்காம் அகலமான படிப்பு. வரைதல், புகைப்படம், விளம்பரம், இதழியல், திரைப்பட ரசனை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். சினிமாவை முறையாகப் படிக்க நினைப்பவருக்குத் தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அதன் வேர் 1945-இல் தொடங்கிய திரைத் தொழில்நுட்பப் பயிற்சி. தனியார் அகாடமிகளும் சாலிகிராமம் பக்கம் உண்டு. உங்கள் படிப்பு இவற்றோடு போட்டி போடத் தேவையில்லை, போட்டால் தோற்கும். சினிமாவுக்கு வெளியே சென்னையில் தினமும் வீடியோ எடுக்கிறவர்கள் யார் என்று பாருங்கள். மருத்துவமனைகள், நகைக்கடைகள், ஐடி நிறுவனங்களின் பயிற்சிப் பிரிவுகள், செய்திச் சேனல்கள், கல்வி நிறுவனங்கள், யூடியூப் சேனல்கள், திருமண வீடியோக்காரர்கள். இவர்களுக்கு வேண்டியது ஒருவரே திட்டமிட்டு, படம் பிடித்து, ஒலி பதிந்து, எடிட் செய்து, எழுத்துப் போட்டு, சொன்ன தேதியில் கையில் கொடுக்கும் ஆள். அந்த ஆளை உருவாக்கும் படிப்பு என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அதற்குச் சான்றாக இணையத்தில் கிடைக்கும் பெரிய தொழில்துறை எண்களை அடுக்காதீர்கள். பாடத்திட்டக் குழுவில் யாரும் அவற்றைப் படிப்பதில்லை. உங்கள் மாணவர்கள் சிலரை ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் அனுப்பி, இருபது நிறுவனங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரச் சொல்லுங்கள்: கடந்த ஆண்டு என்ன வீடியோவுக்குப் பணம் கொடுத்தீர்கள், யார் செய்தார்கள், எதில் குறை இருந்தது. அந்தப் பதில்களோடு, இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுத்துக்கொள்கிறோம் என்று நாலைந்து கடிதங்களும் வாங்கி இணைத்தால் வேறு சான்றே வேண்டாம். இன்னொன்றும் நடக்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம், துறைமுகத் தொழிலாளர்கள், கானா, குத்துச்சண்டை என்று உங்கள் கல்லூரியைச் சுற்றி இருக்கும் வாழ்க்கையைப் படம் பிடிக்க வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகள் அதைச் சொல்லும் நிலை வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். இரண்டாம் ஆண்டில் ஆவணப்படத் தாளை இதற்காகவே வையுங்கள்.

இனி கருவிகள். பட்டியலை எழுதும் முன் படப்பிடிப்பு யூனிட்டுகளைக் கணக்கிடுங்கள். ஐந்து பேர் ஒரு யூனிட் என்றால் 40 பேர் கொண்ட ஓர் ஆண்டு வகுப்புக்கு 8 யூனிட். முதலாமாண்டு மாணவர்கள் கைபேசியிலேயே பழகலாம். ஃபிரேம், வெளிச்சம், தொடர்ச்சி ஆகிய மூன்றையும் கற்க அது போதும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு 16 யூனிட். ஆனால் டே ஆர்டரில் (நாள் வரிசைக் கால அட்டவணையில்) இரு ஆண்டுகளுக்கும் படப்பிடிப்பு நாளை வேறு வேறாக வைத்தால் 8 செட் போதும். செட் என்றால் கேமரா, லென்ஸ், டிரைபாட், மைக், ரெக்கார்டர், இரண்டு எல்இடி விளக்கு, தேவைக்கு மேல் பேட்டரியும் கார்டும். விலை உயர்ந்த ஒரு சினிமா கேமரா வாங்கி அலமாரியில் வைத்து ஆய்வுக் குழுவுக்குக் காட்டுவதைவிட நடுத்தரமான எட்டு செட் ஆயிரம் மடங்கு மேல். ட்ரோன் வாங்காதீர்கள். 2021 ட்ரோன் விதிகள், பதிவு, விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். தேவைப்படும் நாளில் உரிமம் உள்ளவரை வாடகைக்குக் கூப்பிடலாம். படப்பிடிப்பு நாள் என்றேனே, அது ஒரு முழு டே ஆர்டராகவே இருக்க வேண்டும். ஒரு மணி நேர பீரியடில் டிரைபாடைப் பிரித்து வைப்பதற்குள் பெல் அடித்துவிடும்.

அப்புறம் சேமிப்பு. இதை எழுதிய முன்மொழிவை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. சாதாரண 4கே கேமரா விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இறுதியாண்டுப் படத்துக்கு ஒரு யூனிட் 10 மணி நேரம் எடுத்தால் 450 ஜிபி, எட்டு யூனிட்டுக்கு 3.6 டிபி. இரண்டு பிரதி வைக்காவிட்டால் ஒரு ஹார்ட் டிஸ்க் போனதும் ஐந்து பேரின் ஆண்டு போய்விடும், எனவே 7.2 டிபி. இது ஒரே ஒரு பயிற்சிக்கு, ஒரே ஒரு ஆண்டுக்கு. உங்கள் ஆய்வகத்தின் இணைப்பு ஒரு கிகாபிட் என்றால் சர்வரிலிருந்து இப்படிப்பட்ட வீடியோவை ஒரே நேரத்தில் எட்டு, ஒன்பது கணினிக்கு மேல் தடையின்றி ஓடவிட முடியாது, 30 கணினி என்ற பேச்சுக்கே இடமில்லை. ப்ராக்ஸி எனும் குறைந்த தரச் சிறு நகல் கோப்புகளில் எடிட் செய்யப் பழக்குவதும், யூனிட்டுக்கு ஒரு எஸ்எஸ்டி கொடுப்பதும் மலிவான தீர்வு. மென்பொருளில் பயப்பட வேண்டாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் எடிட், கலர், ஒலி மூன்றும் உண்டு. முப்பரிமாணத்துக்கு பிளெண்டர் முழுக்க இலவசம். வேலை கிடைக்கும் இடங்களில் பிரீமியரும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் கேட்பார்கள் என்பதால் அவற்றின் ஆண்டுச் சந்தாவைக் கொஞ்சம் கணினிகளுக்கு மட்டும் போடுங்கள்.

சந்தா என்பது ஆண்டுதோறும் வரும் செலவு. பேட்டரி, கார்டு, கேபிள், பழுது, காப்பீடு, கணினி மாற்றம் எல்லாமே அப்படித்தான். ஒருமுறைச் செலவையும் ஆண்டுச் செலவையும் தனித்தனிப் பக்கத்தில் காட்டுங்கள். நிதி அலுவலர் தயங்கினால் வருமான வரி விதிகளே கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் அனுமதிப்பதை நினைவூட்டலாம். பழைய ஆய்வகத்தின் 30 கணினிகளும் அந்தக் கணக்கில் எங்கே நிற்கின்றன என்று அவருக்கே தெரியும்.

சாமான் அறையைத் தரைத்தளத்தில் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் நம் ஊருக்கு என்ன செய்தன என்று உங்களுக்குத் தெரியும். நம் கடற்கரை ஈரத்தில் லென்ஸ் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கும் உலர் அலமாரியைக் கருவிப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள். அந்த அறைக்கு முழுநேர ஆள் ஒருவர் வேண்டும். கருவியைக் கையெழுத்து வாங்கிக் கொடுத்து, திரும்பி வரும்போது சரிபார்த்து, பேட்டரியைச் சார்ஜ் போட்டு, கார்டை அழிக்கும் முன் பிரதி எடுக்கப்பட்டதா என்று கேட்கும் ஒரு டெக்னீஷியன். பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படும் பணியிடம் இதுதான். விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த ஆள் இல்லாத துறையில் ஆசிரியர்கள் ஸ்டோர் கீப்பர்களாகிவிடுவார்கள், அல்லது பழுதாகிவிடும் என்ற பயத்தில் கேமராக்கள் பூட்டியே இருக்கும். சமையலறையைப் பூட்டிவிட்டுச் சமையல் சொல்லித்தர முடியுமா?

பாடத்திட்டத்தில் நான் கண்டிப்பாகக் கேட்பது தமிழ் எழுத்துக்கு ஒரு தாள். திரையில் தமிழை ஒழுங்காகப் போடத் தெரிந்த எடிட்டர்கள் குறைவு. பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஆகியவற்றின் பல பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில் நிற்கும். அதைச் சரிசெய்யத் தெரியாமல் பழைய எழுத்துருக் குறியீடுகளில் தட்டி ஒட்டுகிறார்கள். அப்படிப் போட்ட எழுத்தைத் தேடவும் முடியாது, வசனவரிக் கோப்பாக எடுக்கவும் முடியாது. யூனிகோட், எழுத்துரு உரிமம், தமிழ் வசனவரியின் வரி நீளம், எங்கே வரியை முறிப்பது, எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று ஒரு செமஸ்டருக்கு விஷயம் இருக்கிறது. உங்கள் தமிழ்த் துறையோடு சேர்ந்து இதை நடத்தினால் வேறெங்கும் இல்லாத ஒரு தாள் உங்களிடம் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் குழுவில் கேட்பார்கள். தனித் தாளாக வைத்தால் அது அச்சாகி வருவதற்குள் பழசாகிவிடும். எடிட், ஒலி, கிராபிக்ஸ் தாள்கள் ஒவ்வொன்றிலும் ஒரு அலகாகச் சேர்த்து, எதை எந்தக் கருவியால் செய்தேன் என்று மாணவர் எழுதிக் கொடுக்கும் வேலைக் குறிப்பேட்டைக் கட்டாயமாக்குங்கள்.

மதிப்பீட்டில் ஒரு விஷயம் என்னை மிகவும் உறுத்துகிறது. இறுதியாண்டுப் படத்துக்கான செலவைப் பல இடங்களில் மாணவர்களே போட்டுக்கொள்கிறார்கள். பணம் போட்டவர் டைரக்டர் ஆகிறார், போட முடியாதவர் டீ வாங்கி வருகிறார், ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண். காசில்லாத வீட்டுப் பிள்ளை மூன்று வருடம் படித்துவிட்டு, தன் பெயரில் காட்ட ஒரு படமும் இல்லாமல் போகிறது. இதைத் தடுக்க முன்மொழிவிலேயே வழி செய்யுங்கள். யூனிட்டுக்கு ஒரு குறைந்த தொகையைக் கட்டணத்திலிருந்தே ஒதுக்குங்கள், அதற்கு மேல் வெளிப்பணம் கூடாது என்று விதி வையுங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் பொறுப்பு மாறி மாறி வரட்டும். டைரக்‌ஷன், கேமரா, ஒலி, எடிட், தயாரிப்பு நிர்வாகம் ஐந்தையும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது செய்து, அந்தப் பொறுப்புக்குத் தனி மதிப்பெண் பெறட்டும். இரவுப் படப்பிடிப்புக்கு யார் உடன் இருப்பார், பெண் பிள்ளைகள் எப்படி வீடு போய்ச் சேருவார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் விடமாட்டார்கள், கேமரா பழையபடி பையன்கள் கையிலேயே இருக்கும். மாணவர் படத்தின் உரிமை யாருக்கு என்று ஒரு பத்தி போதும். சினிமாப் பாட்டை வகுப்புப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது வேறு, அதே படத்தை யூடியூபில் ஏற்றுவது வேறு என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

நடைமுறைக்கு வந்தால், தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் துறை ஆசிரியர்களோடு வெளி நிபுணர் இருவர், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையினர் ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் இருப்பார்கள். பிறகு கல்விக் குழு, ஆட்சிக் குழு, பல்கலைக்கழகத்தின் தேவைகள். குழுவுக்குப் போகும் முன் நிதி அலுவலரிடம் வரைவைக் கொடுத்து அவர் கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். அறை, மின்சாரச் சுமை, ஏசி, ஒலித்தடுப்பு எல்லாம் அவர் வழியாகத்தான் வர வேண்டும்.

இரண்டு மாதத்தில் முன்மொழிவை எழுதிவிடலாம். வருகிற ஜூனில் சேர்க்கை நடத்த முடியாது. நடத்தினால் முதல் செட் மாணவர்கள்தான் அந்த அவசரத்துக்கு விலை கொடுப்பார்கள். ஓராண்டு கேளுங்கள். அந்த ஓராண்டில் இருக்கிற ஆய்வகத்தையும் வாடகைக் கேமரா இரண்டையும் வைத்து, எல்லாத் துறை மாணவர்களுக்கும் திறந்த 30 மணி நேர மதிப்புக்கூட்டுப் படிப்பு ஒன்றை 20 பேருக்கு நடத்துங்கள். கல்லூரியின் தரமதிப்பீட்டுக்கான நாக் அறிக்கையிலும் அது கணக்கில் வரும் என்பதால் செயலர் மறுக்க மாட்டார். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எந்தக் கருவி எத்தனை முறை வெளியே போனது, எது உடைந்தது என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாடத்திட்டக் குழு கூடும் நாளில் முன்மொழிவோடு அந்த நோட்டையும், அந்த 20 பேர் எடுத்த படங்களையும் கொண்டு போங்கள்.